நாளுக்கு ஒரு மாத்திரை, வாரத்துக்கு ஒரு மாத்திரை: ஒரு ரத்தப்புற்றுநோய்க் குழந்தையின் நிகழ்வு ஆய்வு

நோயாளி 6 வயதுப் பெண் குழந்தை. கன்னியாகுமரி மாவட்டத்தில் அருமனைப் பக்கம் வீடு. அப்பாவுக்கு ரப்பர் பால்வெட்டு. விடியுமுன்னே தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குக் கிளம்புகிறவர். அம்மா வீட்டைப் பார்த்துக்கொள்கிறார். அண்ணன் ஒருவன், 10 வயது. அப்பாவும் அம்மாவும் மாமன் மகனும் அத்தை மகளும். இந்தக் கடைசி விவரம் என் கிளினிக்கின் கேஸ் ஷீட்டில் முதல் நாளே என் கையெழுத்தில் இருக்கிறது. எழுதி வைத்தேனே தவிர, அதைக் கொண்டு நான் எதையும் யோசிக்கவில்லை. பெற்றோரிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டிவிடும் விவரங்களை விட்டுவிட்டேன்.

5 வயதில் குழந்தைக்கு ஏஎல்எல் என்ற ரத்தப்புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது. குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் அதிகமாகப் பார்ப்பது இதைத்தான். நல்ல சிகிச்சை கிடைத்தால் பெரும்பாலும் குணமாகிவிடும். சிகிச்சை எல்லை தாண்டி, கேரளாவில் ஒரு பெரிய மருத்துவமனையில். மார்த்தாண்டம், குழித்துறைப் பக்கத்துக்காரர்கள் நிறையப் பேர் அப்படித்தான் களியக்காவிளை வழியாகப் பஸ் ஏறிப் போய் வருகிறார்கள். பெரிய ஊசிகள், முதுகுத்தண்டில் போடும் மருந்து எல்லாம் அங்கே. நடுவில் வருகிற காய்ச்சல், இருமல், வாராவாரம் எடுக்கும் ரத்தப் பரிசோதனை எல்லாம் என்னிடம். நான் புற்றுநோய் மருத்துவன் இல்லை, குழந்தைகள் மருத்துவன். இந்தப் பங்கீட்டில் எனக்கு வந்த வேலை எண்களைப் பார்த்துச் சொல்வது.

முதல் எட்டு மாதம் கடுமையான சிகிச்சை. குழந்தை தாங்கினாள். நோய் அடங்கியது. இடையில் ஒருமுறை வெள்ளணுக்கள் இறங்கி, மேலே வர மற்ற பிள்ளைகளை விட இரண்டு வாரம் கூடுதலாக எடுத்துக்கொண்டன. அந்தக் கட்டத்தில் மூன்று நான்கு வலுவான மருந்துகள் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்ததால் பழியை அவற்றின் மேல் போட்டுவிட்டோம். அவற்றில் 6-மெர்காப்டோப்யூரினும் ஒன்று. இப்போது திரும்பிப் பார்த்தால் அதுதான் முதல் தடயம்.

அப்புறம் மெயின்டனன்ஸ் என்று சொல்லும் பராமரிப்புக் கட்டம். இது சுமார் ஒன்றரை இரண்டு வருஷம் ஓடும். எல்லாம் வீட்டிலேயே கொடுக்கும் மாத்திரைகள். 6-மெர்காப்டோப்யூரின் தினமும் ராத்திரி. மெத்தோட்ரெக்சேட் வாரத்தில் ஒரே ஒரு நாள். நுரையீரல் தொற்று வராமலிருக்க கோட்ரைமாக்சசோல். ஊரில் இதைப் பெரும்பாலும் "மாத்திரைக் காலம்" என்பார்கள். கஷ்டமெல்லாம் தீர்ந்தது, இனி பள்ளிக்கூடத்துக்கு அனுப்பலாம் என்று வீட்டில் மூச்சு விடுகிற காலம் இது.

இவளுக்கு எடை 20 கிலோ, உயரம் 115 செ.மீ. உடல் பரப்பு 0.8 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 60 மி.கி. கணக்கில் 48 மி.கி. வருகிறது. மாத்திரை 50 மி.கி.; ஆக நாளுக்கு ஒன்று. மெத்தோட்ரெக்சேட் சதுர மீட்டருக்கு 20 மி.கி.; 2.5 மி.கி. மாத்திரையாக வாரம் ஆறு. கணக்கில் எந்தத் தவறும் இல்லை. நானும் ஒருமுறை போட்டுப் பார்த்தேன்.

மூன்றாவது வாரம்

மாத்திரைக் காலம் தொடங்கிய அன்று வெள்ளணு 4,200. அதில் கிருமியை முதலில் எதிர்க்கும் நியூட்ரோஃபில், அதாவது ஏஎன்சி, 2,100. தட்டணு 2.6 லட்சம். இந்தக் கட்டத்தில் ஏஎன்சியை 500-க்கும் 1,500-க்கும் இடையே வைத்துக்கொள்வதுதான் நோக்கம். அதற்கு மேல் போனால் மருந்து போதவில்லை, கீழே போனால் அதிகம்.

இரண்டாவது வாரம் ஏஎன்சி 640. நன்றாக வருகிறதே என்று நினைத்தேன். மூன்றாவது வாரம் காய்ச்சல் 102 டிகிரி, வாயெல்லாம் புண், கஞ்சித் தண்ணீர்கூட இறங்கவில்லை. ஏஎன்சி 80. தட்டணு 38,000. ஹீமோகுளோபின் 7.4. உடனே சேர்த்து, ஆன்டிபயாடிக் தொடங்கி, ரத்தமும் தட்டணுவும் ஏற்றினார்கள். எண்கள் மேலே வர 24 நாள் ஆனது. அந்த 24 நாளும் அவள் வாய்ப்புண் ஆறுவதற்கு முன் ஒரு காய்ச்சல், அது இறங்குவதற்குள் இன்னொன்று என்று கிடந்தாள்.

என் தவறு இங்கேதான் வருகிறது. இந்த மாதிரி சரிவைப் பார்த்தவுடன் ஒரு மருத்துவர் மனதில் முதலில் தட்டுவது மெத்தோட்ரெக்சேட். வாரம் ஒருமுறை கொடுக்க வேண்டியதைத் தவறுதலாகத் தினமும் கொடுத்துவிடுவது உலகம் முழுக்க நடந்திருக்கிற விபரீதம். உயிரே போயிருக்கிறது. அதனால் கேட்டது தவறில்லை. கேட்ட விதம் தவறு. வார்டு வாசலில், மாமியாரும் நாத்தனாரும் நிற்கும்போது, "மக்ளே, வாரத்து மாத்திரையைத் தினமும் கொடுத்திட்டியா?" என்று கேட்டேன்.

"எனக்க பிள்ளைக்கு நான் கூட்டிக் குடுப்பேனா சாரே?" என்றார்.

மறுநாள் ஒரு பிளாஸ்டிக் டப்பாவை என் மேசையில் கொண்டுவந்து வைத்தார். உள்ளே மாத்திரை அட்டைகள், ரப்பர் பேண்ட் போட்டு. மெத்தோட்ரெக்சேட் 30 வாங்கியிருக்கிறார். மூன்று வாரம், வாரம் ஆறு, மொத்தம் 18. மீதி 12 இருக்க வேண்டும். இருந்தது 12. ஒவ்வொரு குழிக்குப் பக்கத்திலும் பால் பாயின்ட் பேனாவால் தேதி எழுதியிருந்தார். அட்டையின் வெள்ளித்தாளில் மை ஒட்டாத இடத்தில் இரண்டு மூன்று தடவை அழுத்தி எழுதியிருந்தது. கணக்கை நான் வாய்விட்டு எண்ணினேன், மாமியார் கேட்கட்டும் என்று. ஆனாலும் ஒருமுறை விழுந்த பேச்சு வீட்டில் அவ்வளவு சீக்கிரம் போகவில்லை. "டாக்டரே கேட்டாரே" என்று அவரைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள்.

அதே நாள் அவர் இன்னொன்றும் சொன்னார்: "முடி பின்னயும் கொழியுது சாரே." முளைத்து விரல்கடை அளவு வந்திருந்த முடி தலையணை உறையில் கொத்துக் கொத்தாக ஒட்டியிருக்கிறதாம். கீமோ எடுத்த பிள்ளைக்கு முடி கொட்டுவது புதிதா என்று நான் தலையை ஆட்டிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டேன். மாத்திரைக் காலத்தில் முடி கொட்டக் கூடாது, வளரத்தான் வேண்டும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் காதில் ஏறவில்லை.

எதையெல்லாம் தேடினோம்

காய்ச்சலுக்கு வைரஸ் தேடினோம், கிடைக்கவில்லை. மெர்காப்டோப்யூரினை உடம்பில் உடைக்கும் வழிகளில் ஒன்றை, யூரிக் அமிலத்தைக் குறைக்கும் அலோப்யூரினால் என்ற மருந்து அடைத்துவிடும். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் எண்கள் இப்படித்தான் விழும். அதுவும் இவளுக்குப் போகவில்லை. நோய் திரும்பியிருக்குமோ என்று எலும்பு மஜ்ஜை எடுத்தார்கள். புற்று அணு ஒன்றும் இல்லை. மஜ்ஜையே வெறிச்சோடிக் கிடந்தது.

எண்கள் தேறியபின் மெத்தோட்ரெக்சேட்டையும் கோட்ரைமாக்சசோலையும் நிறுத்திவைத்து, மெர்காப்டோப்யூரினை மட்டும் அரை மாத்திரையாகத் தொடங்கச் சொன்னார்கள். 15-வது நாள் ஏஎன்சி 210. வாரத்து மாத்திரை ஒன்றுகூட வாய்க்குள் போகவில்லை, அப்படியும் விழுந்தது. அந்தத் தாய் மேல் இருந்த சந்தேகம் எனக்கு முழுசாக அன்றைக்குத்தான் தீர்ந்தது.

அடுத்து டிபிஎம்டி. மெர்காப்டோப்யூரினைச் செயலிழக்க வைக்கும் ஒரு நொதி இது. சிலருக்குப் பிறவியிலேயே குறைவாக இருக்கும் என்பது 1980-லேயே தெரிந்துவிட்டது. ஐரோப்பிய வம்சாவளியினரில் சுமார் 300 பேரில் ஒருவருக்கு ஏறக்குறைய இல்லவே இல்லை. பாடப்புத்தகத்தில் நான் படித்ததும் இது ஒன்றைத்தான். நொதியின் அளவு சரியாக இருக்கிறது என்று முடிவு வந்தது. அந்தப் பரிசோதனை செய்வது சிவப்பணுவில். இவளுக்கோ நாலு வாரம் முன்புதான் வேறொருவர் ரத்தம் ஏறியிருக்கிறது. ரத்தம் கொடுத்தவருடைய நொதியை அளந்துவிட்டு இவளுக்கு நன்றாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தோம். மரபணுவைப் பார்த்து மறுபடி செய்ததிலும் டிபிஎம்டி சரியாகவே இருந்தது. அந்த இரண்டு வாரம் வீணாகாமல் இருந்திருக்கலாம்.

முடிச்சை அவிழ்த்தது ஒரு ஃபோன் அழைப்பு. பெரிய மருத்துவமனையின் இளம் மருத்துவர், எண்களையெல்லாம் கேட்டுக்கொண்டு கடைசியில், "சார், முடி எப்படி இருக்கு?" என்றார்.

நான் பதில் சொல்ல ஒரு நிமிடம் ஆனது.

என்யூடிடி-15

மெர்காப்டோப்யூரின் நேரடியாகப் புற்று அணுவைக் கொல்வதில்லை. உடம்புக்குள் போய் பல படி மாறி, டிஎன்ஏவின் கட்டுக்கல்லைப் போலவே தோற்றம் காட்டும் ஒரு போலிக் கல்லாகிறது. பெருகுகிற அணு தன் டிஎன்ஏவைக் கட்டும்போது அந்தப் போலியையும் எடுத்து வைத்துவிடுகிறது. கட்டடம் நிற்காது, அணு சாகிறது. ஜெர்ட்ரூட் எலியனும் ஜார்ஜ் ஹிட்ச்சிங்ஸும் உருவாக்கிய இந்த மருந்து 1953 முதல் புழக்கத்தில் இருக்கிறது. அவர்களுடைய ஆராய்ச்சிக்கு 1988-ல் நோபல் பரிசு கிடைத்தது.

போலிக் கல் கட்டடத்தில் ஏறுவதற்கு முன்பே அதைப் பிடித்துப் பயனற்றதாக்கும் காவலாள் நொதி ஒன்று நம் எல்லார் அணுவிலும் உண்டு. அதை உண்டாக்கும் மரபணுதான் என்யூடிடி-15, 13-வது குரோமோசோமில். அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று ஆளுக்கு இரண்டு பிரதி. அதில் ஒரே ஓர் எழுத்து மாறினால், புரதத்தின் 139-வது இடத்தில் ஆர்ஜினின் இருக்க வேண்டிய இடத்தில் சிஸ்டைன் வந்துவிடுகிறது. நொதி நிலைத்து நிற்காமல் குலைந்துபோகிறது. காவலாள் இல்லாத வீட்டில் போலிக் கல் தாராளமாக ஏறுகிறது. புற்று அணுவில் மட்டுமில்லை, வேகமாகப் பெருகும் மஜ்ஜையிலும், வாயின் உள்தோலிலும், முடியின் வேரிலும்.

இந்த மாற்றத்தின் முக்கியத்துவம் வெளிவந்தது 2014-ல்தான், அதுவும் கொரியாவில். குரோன் என்ற குடல் அழற்சிக்கு இதே குடும்பத்து மருந்தான அசாதியோபிரினை எடுத்தவர்களில் சிலருக்கு ஏன் வெள்ளணு இப்படி விழுகிறது என்று தேடிப் போனவர்கள் கண்டது. ஆரம்ப வாரங்களிலேயே கொத்தாக முடி கொட்டுவது இந்த மாற்றத்தை இரட்டையாக உடையவர்களின் அடையாளம் என்பதும் அந்த நோயாளிகளிடமிருந்து வந்த பாடம். அடுத்த வருஷமே ஏஎல்எல் குழந்தைகளிடம் பார்த்தார்கள். இரண்டு பிரதியும் மாறியிருந்த பிள்ளைகள் தாங்கிக்கொண்டது, திட்டமிட்ட மருந்தில் சராசரியாக 8.3% மட்டுமே. ஒரு பிரதி மாறியவர்கள் 63%. மாற்றமே இல்லாதவர்கள் 83.5%.

மக்களிடம் இருக்கும் மொத்தப் பிரதிகளில் மாறியது கிழக்கு ஆசியாவில் சுமார் 10%, தெற்காசியாவில் சுமார் 7%, ஐரோப்பியர்களிடம் 1%க்கும் கீழே. பிரதிகளில் 7% என்றால், ஆளுக்கு இரண்டு பிரதி என்பதால் நம்மில் ஏறக்குறைய எட்டுப் பேரில் ஒருவருக்கு ஒரு பிரதி மாறியிருக்கும். இரண்டும் மாறியவர் 200-ல் ஒருவர். அப்பா அம்மா நேரடி மாமன் மகன், அத்தை மகள் என்றால் அந்த வாய்ப்பு கிட்டத்தட்ட இரட்டிப்பாகிறது. கேஸ் ஷீட்டில் நான் எழுதிவிட்டு யோசிக்காமல் விட்ட வரி இதுதான்.

எனக்கு ஆதங்கம் ஒன்று உண்டு. மருந்து வந்தது 1953. டிபிஎம்டி தெரிந்தது 1980. என்யூடிடி-15 தெரிந்தது 2014. நம் பிள்ளைகளைப் பாதிக்கும் காரணம் இவ்வளவு பிந்தி வெளியே வந்ததற்கு, ஆராய்ச்சிகளில் இத்தனை காலம் அதிகமாக எண்ணப்பட்டவர்கள் ஐரோப்பியர்களாக இருந்ததும் ஒரு காரணம். அந்த இடைவெளியில் ஆசியா முழுக்க எத்தனை தாய்மார்கள் "மாத்திரையைக் கூட்டிக் கொடுத்தாயா" என்று கேட்கப்பட்டிருப்பார்கள்.

இவளுக்கு வந்த முடிவு: என்யூடிடி-15, இரண்டு பிரதியும் மாறியது.

கால் மாத்திரை

மரபணுவுக்கேற்ற மருந்தளவுக்கு வழிகாட்டும் சிபிஐசி என்ற சர்வதேசக் கூட்டமைப்பு 2018-ல் என்யூடிடி-15-ஐயும் சேர்த்துக்கொண்டது. இரண்டு பிரதியும் மாறியவர்களுக்கு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 10 மி.கி.யில் தொடங்கு என்கிறது. இவளுக்கு அது நாளுக்கு 8 மி.கி., வாரத்துக்கு 56. ஆகவே கால் மாத்திரை, வாரத்தில் நாலு நாள். முன்பு ஒரு நாளில் விழுங்கிய மாத்திரை இப்போது ஒரு வாரத்துக்கு வருகிறது.

இதைச் சொன்னதும் அப்பா கேட்ட கேள்வி நியாயமானது. "இவ்வளவு கொஞ்சமாக் குடுத்தா நோய் திரும்பி வந்திராதா சாரே?" பயம் இல்லாத பெற்றோர் யார்? மெர்காப்டோப்யூரினை 95%க்குக் குறைவாக எடுக்கும் பிள்ளைகளுக்கு நோய் திரும்பும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கு மேல் கூடுகிறது என்பதும் உண்மை. ஒரு நாள்கூட விடாதே என்று இத்தனை மாதம் அவர்களைப் படுத்தியதும் நாங்கள்தான்.

நான் சொன்ன பதில் இது. அந்த 95% அவரவருக்கு எழுதிய அளவில். இவளுக்கு எழுத வேண்டிய அளவே இதுதான். ரத்தப்புற்று அணுவும் இவளுடைய உடம்பில் பிறந்ததுதான், அப்பாவும் அம்மாவும் கொடுத்த அதே மரபணுக்களோடு. காவலாள் அதற்கும் இல்லை. ஆகவே கொஞ்ச மருந்தே அதன் டிஎன்ஏவிலும் மற்ற பிள்ளைகளுக்கு ஏறும் அளவுக்கு ஏறும். என்யூடிடி-15 இல்லாத எலிகளில் செய்த சோதனையிலும் குறைத்த அளவே ரத்தப்புற்றைக் கட்டுப்படுத்தியது. முழு மாத்திரையை விடாப்பிடியாகக் கொடுத்திருந்தால் நடந்திருப்பது வேறு: மூன்று வாரம் மருந்து, நாலு வாரம் நிறுத்தம், காய்ச்சல், மறுபடி நிறுத்தம். நோய் தலைதூக்க அந்த நிறுத்தங்கள்தான் வாசல்.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அம்மா மாத்திரை வெட்டும் சின்னப் பெட்டியில் ஒரு மாத்திரையை நாலாக்குகிறார். கையுறை போட்டு, ஃபேனை நிறுத்திவிட்டு. தூள் பறந்து மூக்கில் போகக் கூடாது என்பதற்காக. கர்ப்பமாக இருந்த நாத்தனாரை அந்தப் பெட்டியைத் தொடவே வேண்டாம் என்று சொல்லியிருந்தோம். நாலு துண்டும் நாலு பொட்டலம், கிழமை எழுதி. கால் துண்டு சில நேரம் ஒரே அளவாக இருக்காது. வாரத்தின் மொத்தம் ஒரு மாத்திரைதான் என்பதால் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்றேன்.

முதல் மாதம் ஏஎன்சி 1,700 வரை ஏறியது. இரண்டாவது மாதம் 1,240. மெத்தோட்ரெக்சேட்டை வாரம் மூன்றிலிருந்து தொடங்கி மெல்ல ஆறுக்குக் கொண்டுவந்தார்கள். அதன்பின் 900-க்கும் 1,400-க்கும் நடுவிலேயே நிற்கிறது. ஒருமுறை சளிக்காய்ச்சல் வந்தபோது மட்டும் 10 நாள் நிறுத்தினோம்.

இந்த அளவு இவளுக்கு. ஏஎன்சி விழுந்த எல்லாப் பிள்ளைக்கும் கால் மாத்திரை என்று யாரும் எடுத்துக்கொண்டு விடக் கூடாது. காரணம் மெத்தோட்ரெக்சேட்டாகவும் இருக்கும், வைரஸாகவும் இருக்கும். பரிசோதனை பார்க்காமல் வீட்டில் குறைப்பது ஆபத்து.

நோயும் மரபணுவும்

வீட்டில் எல்லாரும் கேட்டது: அப்போ எங்கள் ரத்தத்தில்தான் புற்றுநோய் இருக்கிறதா? இல்லை. இந்த மாற்றம் நோயைக் கொண்டுவரவில்லை. மருந்தை உடம்பு எப்படிக் கையாளுகிறது என்பது மட்டுமே இதில் இருக்கிறது. ரத்தப்புற்று வராதிருந்தால் வாழ்நாள் முழுக்க யாருக்கும் தெரிந்தே இருக்காது. நம் மாவட்டத்தில் புற்றுநோய் என்று பேச்செடுத்தால் கதிரியக்கம் உள்ள மணவாளக்குறிச்சி கடற்கரை மணலுக்குப் போய்விடுவார்கள், இல்லாவிட்டால் குடும்பத்துக்கு. இங்கே இரண்டையும் விட்டுவிடலாம்.

மரபணு ரிப்போர்ட் என்று இன்று கையில் கொண்டுவருகிறவர்களுக்கு இன்னொரு குழப்பமும் உண்டு. கட்டியின் மரபணு வேறு, ஆளின் மரபணு வேறு. நுரையீரல் புற்றில் ஈஜிஎஃப்ஆர் என்ற மரபணுவைப் பார்ப்பது கட்டியில் புதிதாக ஏற்பட்ட மாற்றத்தை. எந்த மாத்திரை அந்தக் கட்டியில் வேலை செய்யும் என்று அது சொல்லும்; அந்த மாற்றம் பரம்பரையாகப் பிள்ளைகளுக்குப் போகாது. இவளிடம் பார்த்தது பிறவியில் வந்தது. குடல், இரைப்பைப் புற்றுக்குக் கொடுக்கும் ஃப்ளூரோயுராசிலும் கேப்சிட்டபினும் இந்த இரண்டாவது வகையில் அகப்படும். அந்த மருந்தில் 80%க்கு மேல் உடைப்பது கல்லீரலில் இருக்கும் டிபிடி என்ற நொதி; அது குறைந்தவருக்கு முதல் சுற்றிலேயே வாய்ப்புண்ணும் வயிற்றுப்போக்கும் உயிரைத் தொடும் அளவுக்குப் போகும். சிகிச்சைக்கு முன்பே இதைப் பார்த்துவிடுங்கள் என்று ஐரோப்பிய மருந்து முகமை 2020-ல் சொன்னது. இரினோடெக்கான் என்ற இன்னொரு புற்றுநோய் மருந்துக்கு யூஜிடி1ஏ1 என்று இன்னொரு மரபணு. ஏஎல்எல் வந்த ஒவ்வொரு குழந்தைக்கும் மெர்காப்டோப்யூரின் தொடங்குமுன் என்யூடிடி-15-ம் டிபிஎம்டியும் பார்த்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வாழ்நாளில் ஒரே முறை, கொஞ்சம் ரத்தம். இவளுக்கு அந்தப் பரிசோதனையின் செலவு, 24 நாள் வார்டில் கிடந்த செலவுக்குப் பக்கத்தில்கூட வரவில்லை.

அப்பா, அம்மா இருவருக்கும் ஒவ்வொரு பிரதி மாறியிருக்கிறது. அது பார்க்காமலே தெரிந்ததுதான், பார்த்தும் உறுதியானது. அண்ணனுக்கும் ஒரு பிரதி. அவன் நலமாக இருக்கிறான். நாளை மூட்டு வாதத்துக்கோ குடல் நோய்க்கோ சிறுநீரக மாற்றுக்கோ அசாதியோபிரின் எழுதப்படுமானால் மருத்துவருக்குத் தெரிய வேண்டும் என்று நாலு பேருக்கும் ஒரு அட்டை எழுதி லேமினேட் செய்து கொடுத்தேன். மாமியார் கேட்டு வாங்கி, தன் அண்ணன் தம்பி வீடுகளுக்கும் விவரம் சொல்லியிருக்கிறார்.

அந்த அட்டையைக் கொடுத்த அன்று, வார்டு வாசலில் நின்ற எல்லாரும் என் அறையில் இருந்தார்கள். அவர்கள் முன்னால் அந்த அம்மாவிடம், நான் கேட்ட கேள்விக்கு வருத்தம் தெரிவித்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மகளின் தலையைத் திருப்பிக் காட்டினார். இரண்டு பக்கமும் ரப்பர் பேண்ட் போட்டு, காதுக்குக் கீழே இறங்கியிருந்த குட்டிப் பின்னல்கள்.

மாத்திரைக் காலம் முடிய இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. கடைசி ஏஎன்சி 1,150.